செல்களின் பிடிமானம்

பிறந்த குழந்தையின் தொப்புளில் எஞ்சியிருக்கும் கொடித்தண்டு வழக்கமாக ஓரிரு வாரங்களுக்குள் காய்ந்து தானாகவே விழுந்துவிடும். அது விழுந்த நாளை நம் வீடுகளில் பாட்டிமார் நினைவில் வைத்திருப்பர். ஒரு மாதமாகியும் தண்டு விழவில்லை, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, ஆனால் சீழ் வைக்கவில்லை என்றால், குழந்தை நல மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். மிக அரிதாகச் சில குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெருகியிருப்பது அப்போது தெரியவரும். ரத்தத்தில் அத்தனை வெள்ளணுக்கள் இருந்தும் புண்ணில் ஒன்றுகூட இல்லை. சீழ் வைக்காததன் காரணம் அதுதான். சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு போரிட்டு இறந்த வெள்ளணுக்களே.

கொடித்தண்டு உதிர வேண்டுமானால் வெள்ளணுக்கள் அதன் அடிக்கு வந்து, இறந்த திசுவைக் கரைக்க வேண்டும். அதற்கு அவை முதலில் ரத்தக் குழாயைவிட்டு வெளியே வர வேண்டும். ஓடும் ரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு வெள்ளணு, அழற்சி ஏற்பட்ட இடத்தை நெருங்கும்போது குழாயின் உட்சுவரில் செலெக்டின் எனும் புரதங்களில் மெல்லத் தொற்றி உருளத் தொடங்குகிறது, வேகம் தணிகிறது, பிறகு இன்டெக்ரின் எனும் வேறொரு புரதத்தால் சுவரை இறுகப் பற்றி நிற்கிறது, நின்றபின் சுவரின் செல்களுக்கு இடையே நெளிந்து நுழைந்து திசுவுக்குள் இறங்குகிறது. மேற்சொன்ன குழந்தைகளுக்கு இரண்டாவது படியில் வேண்டிய இன்டெக்ரின் இல்லை. அவர்களுடைய வெள்ளணுக்கள் உருளும், நிற்கமாட்டா. பாஸ்டனில் டிமோத்தி ஸ்பிரிங்கர் முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் இந்தக் குறையை அடையாளம் கண்டனர். இதன் கடுமையான வகையில், எலும்பு மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிள்ளைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு புரதம் இல்லாதது உயிரையே எடுத்துவிடுகிறது.

செல் உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. செல்லை உடல் எனும் கட்டடத்தின் செங்கல் என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறோம். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று செல்லின் உள்ளே இருப்பவற்றைப் படம் வரைந்து குறிக்கக் கற்பிக்கிறோம். செல் எதன்மீது நிற்கிறது, பக்கத்துச் செல்லோடு எப்படி இணைந்திருக்கிறது என்ற கேள்வி பாடத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. செங்கல் உவமை மாணவர் மனத்தில் ஒரு தவறான படத்தையும் விதைத்துவிடுகிறது: இரண்டு கற்களுக்கு இடையே உயிரற்ற சாந்து பூசப்பட்டிருப்பதுபோல. உண்மையில் அந்தச் சாந்துக்குத்தான் உடலில் வேலை அதிகம். எங்கே இருக்கிறாய், பிழைத்திருக்கலாமா, பெருகலாமா, நகரலாமா என்று செல்லுக்குச் சொல்வதே அந்தப் பிடிமானம்தான்.

அமெரிக்க விலங்கியலாளர் ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் 1907-இல் ஓர் எளிய சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். தனித்தனிச் செல்களாகச் சிதறி நீரில் விழுந்தவை சும்மா கிடக்கவில்லை. ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிப் பற்றி, கட்டியாகத் திரண்டு, நாளடைவில் மீண்டும் கடற்பஞ்சாக வளர்ந்தன. பின்வந்தோர் இரு வேறு இனப் பஞ்சுகளின் செல்களைக் கலந்து பார்த்தபோது, அவை இனம் பிரிந்து தனித்தனியே திரண்டன. ஆக, ஒட்டுதலுக்குள் ஓர் அடையாளம் காணும் திறன் ஒளிந்திருக்கிறது. எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது தெரிய இன்னும் 70 ஆண்டுகள் ஆயின.

தெரியவந்த கதை சுவையானது. ஜப்பானின் கியோட்டோவில் பணியாற்றிய மசாதோஷி டாகெய்ச்சி, செல்களைப் பிரித்தெடுக்க டிரிப்சின் எனும் நொதியைப் பயன்படுத்தி வந்தார். பிரிந்த செல்கள் சிறிது நேரத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அவர் அமெரிக்காவில் கார்னெகி நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்று அதையே செய்தபோது செல்கள் ஒட்ட மறுத்தன. அங்கே வழக்கமாகக் கலக்கும் டிரிப்சின் கரைசலில், கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் வேதிப்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். செல்களை இணைக்கும் ஒரு புரதம் கால்சியம் இருக்கும்வரை விறைப்பாக நின்று நொதியிடமிருந்து தப்புகிறது. கால்சியம் பறிபோனால் துவண்டு வெட்டுப்படுகிறது என்று அவர் ஊகித்து 1977-இல் வெளியிட்டார். அதுவே இன்று கேட்ஹெரின் எனப்படும் புரதக் குடும்பம். இரண்டு ஆய்வகங்களின் பழக்க வேறுபாட்டைச் சலிப்போடு ஒதுக்கிவிடாமல் ஏன் என்று கேட்டதில் பிறந்த கண்டுபிடிப்பு இது. பெரும் கருவிகள் இல்லாத நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டும் இதுவே.

கேட்ஹெரின் செல்லைப் பக்கத்துச் செல்லோடு பிணைப்பது. செல் நிற்கும் தளம் வேறு. செல்களுக்கு வெளியே, அவை தாமே நூற்று வெளியிட்ட புரத இழைகளின் பின்னல் ஒன்று இருக்கிறது. கயிறுபோல மூன்று புரியாக முறுக்கிய கொலாஜன் அதில் முதன்மையானது. நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதுதான். அந்தப் புரி அவிழாமல் நிற்க வைட்டமின் சி தேவை. கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோயில் ஈறு கரைந்து பல் ஆடியதற்கும், பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயங்கள்கூட மீண்டும் வாய் பிளந்ததற்கும் இதுவே காரணம். ஆறிய வடு என்பது முடிந்துபோன வேலை அன்று. அங்கே கொலாஜன் இடையறாது சிதைந்து, இடையறாது புதிதாக நெய்யப்படுகிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் எனும் கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைந்து தேறினர்.

கொலாஜன் கயிற்றைச் செல் எப்படிப் பிடிக்கிறது? 1973-இல் லண்டனில் ரிச்சர்டு ஹைன்ஸ், இயல்பான செல்லின் மேற்பரப்பையும் புற்றுநோய்த் தன்மை ஏற்றப்பட்ட செல்லின் மேற்பரப்பையும் ஒப்பிட்டார். இயல்பான செல்லின்மீது ஏராளமாக இருந்த ஒரு பெரிய புரதம் மற்றதில் காணாமல் போயிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஃபின்லாந்தில் எர்க்கி ருவோஸ்லாட்டியும் அதே புரதத்தைச் சென்றடைந்தார். ஃபைப்ரோநெக்டின் என்று பின்னர் பெயர் பெற்ற அதைத் தூய்மைப்படுத்திப் புற்றுச் செல்களின்மீது சேர்த்தபோது, உருண்டு கிடந்தவை தட்டையாகப் பரவி ஒட்டிக்கொண்டன. அவற்றின் கட்டுக்கடங்காப் பெருக்கம் மட்டும் நிற்கவில்லை. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அன்றே முழங்கியிருக்கலாம். நல்லவேளையாக அவர்கள் ஆய்வைத் தொடர்ந்தனர்.

ஃபைப்ரோநெக்டினின் ஒரு சரத்தில் ஏறத்தாழ 2,400 அமினோ அமிலங்கள் உள்ளன. அவ்வளவு நீளத்தில் செல் பற்றுவது எந்த இடத்தை? அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட ருவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாகரும் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தேடி, 1984-இல் மூன்றே மூன்று அமினோ அமிலங்களில் வந்து நின்றனர்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். இந்த மூன்றெழுத்துச் சொல்லைக் கொண்ட சிறு துண்டை ஆய்வகத் தட்டில் பூசினால் செல்கள் வந்து ஒட்டுகின்றன. அதையே கரைசலில் மிதக்கவிட்டால், அது செல்களின் பிடியை நிரப்பிவிடுவதால், ஒட்டியிருந்தவை கழன்று மிதக்கின்றன. செல்லின் பக்கத்தில் அந்தச் சொல்லைப் படிக்கும் புரதத்துக்கு 1986-இல் ஹைன்ஸ் குழுவினர் இன்டெக்ரின் என்று பெயரிட்டனர். மனித உடலில் 24 வகை இன்டெக்ரின்கள் உள்ளன. ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூவரும் 2022-இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்டெக்ரின் செல்லின் சவ்வைக் குறுக்காக ஊடுருவி நிற்பது. வெளிமுனை புற இழைகளைப் பற்றும். உள்முனை செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் எனும் எலும்புக்கூட்டு இழைகளோடு இணையும். ஓய்வில் இருக்கும்போது அது மடங்கிக் குனிந்திருக்கிறது. உள்ளிருந்து ஆணை வந்தால் நிமிர்ந்து நீண்டு பற்றுகிறது. பற்றிய பிறகு, பிடித்துவிட்டேன் என்ற செய்தியை உள்ளே அனுப்புகிறது. தனியொரு இன்டெக்ரினின் பிடி வலுவற்றது. பல ஒன்றுகூடித்தான் ஊன்றுகின்றன; வலுவற்றது என்பதாலேயே வேண்டும்போது விடவும் முடிகிறது. நகரும் செல் முன்பக்கம் புதிதாகப் பற்றி, உடலை இழுத்துக்கொண்டு, பின்பக்கப் பிடியை விடுகிறது. காலில் தளைநார் பூட்டிப் பனை ஏறுபவரைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிடி இறுகிக்கொண்டே இருந்தாலும் ஏற முடியாது. தளர்ந்தாலோ கீழே விழ வேண்டியதுதான்.

செய்தி என்றேன். அது என்ன செய்தி என்பதை 1994-இல் வெளியான ஒரு சோதனை உணர்த்தியது. குடல், தோல் போன்ற உறுப்புகளின் மேலுறையைச் சேர்ந்த செல்களைத் தளத்திலிருந்து பெயர்த்து, ஊட்டம் அனைத்தும் கொடுத்து, மிதக்கவிட்டால், அவை பட்டினியின்றியே தற்கொலை செய்துகொள்கின்றன. ஆய்வாளர்கள் இதற்கு, வீடற்றுப்போதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அனோய்கிஸ் என்று பெயரிட்டனர். குடலின் உட்புறத் தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது உதிரும் செல்கள் வேறோர் இடத்தில் போய்த் தங்கி வளர்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. 2006-இல் டென்னிஸ் டிஷரின் ஆய்வகம் மேலும் ஒரு படி சென்றது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே வகைக் குருத்தணுக்களை, ஒரே ஊட்டத்தில், மென்மையில் மட்டும் வேறுபட்ட கூழ்த்தளங்களில் வளர்த்தனர். மூளைபோல் மென்மையான தளத்தில் இருந்தவை நரம்புச் செல்லின் சாயலைப் பெற்றன. தசைபோன்ற விறைப்பில் தசையின் சாயலையும், அதைவிடக் கடினமான தளத்தில் எலும்பின் சாயலையும் பெற்றன. செல் தன் பிடியை இழுத்துப் பார்த்தே தளத்தின் விறைப்பை அறிகிறது.

இத்தனை கட்டுப்பாட்டையும் மீறுவதுதான் புற்றுநோய். புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை முதலில் தோன்றிய கட்டியால் நேர்வதில்லை. அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதால் நேர்கின்றன. பரவ வேண்டுமானால் செல் தன் அண்டையாரின் பிடியை விட வேண்டும். தளமின்றிச் சாகாமல் இருக்க வேண்டும். தொலைதூரத்தில் மீண்டும் ஒன்றைப் பற்ற வேண்டும். இதன் முதற்படியை மிகத் தெளிவாகக் காட்டியது நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தில் பலர் இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்தனர். காரணத்தைக் கண்டறியுமாறு அறிவியலாளர்களை நாடியவர்கள் அந்தக் குடும்பத்தினரே. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் குடும்பத்தினரும் இணைந்து நடத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. குறை, ஈ-கேட்ஹெரின் எனும் பிணைப்புப் புரதத்தின் மரபணுவில் இருந்தது. அந்தப் புரதம் இல்லாததால் புற்றுச் செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒவ்வொன்றாக இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவுகின்றன. உள்நோக்கியால் பார்ப்பவரின் கண்ணுக்கும் தப்புகின்றன. ஆகவே இம்மரபணுக் குறை உள்ளவர்களில் பலர் நோய் வருமுன்னரே இரைப்பையை முழுவதுமாக அகற்றிக்கொள்கின்றனர். சாப்பாட்டு முறையையே வாழ்நாள் முழுதும் மாற்றிவிடும் கொடிய முடிவுதான். ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவு.

மார்பகப் புற்றுநோயின் லோபுலார் வகையிலும் பெரும்பாலும் இதே புரதம்தான் காணாமல் போகிறது. செல்கள் ஒற்றை வரிசையாகப் படர்வதால் கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் மேமோகிராம் படத்தில் தெளிவாகத் தெரியாமலும் போவதுண்டு. எனினும், ஒட்டு விட்டால் புற்று என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. ஒன்றையொன்று பற்றியபடி கொத்தாகப் பயணம் செய்யும் புற்றுச் செல்கள், தனியே செல்வனவற்றைவிட எளிதில் வேர்விடுகின்றன என்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அங்கே பிணைப்பு நோய்க்குத் துணைபோகிறது.

தமிழ் வாசகர்கள் தனியே அறிய வேண்டிய ஒன்று, கிளான்ஸ்மன் எனும் ரத்தக்கசிவு நோய். 1918-இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வர்டு கிளான்ஸ்மன் விவரித்தது. டெங்கு வந்த பிறகு, தட்டணு எண்ணிக்கை என்ற சொல் நம் தெருமுனைப் பேச்சாகிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை என்று எல்லோரும் அறிந்திருக்கிறோம். இந்நோயில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ரத்தம் மட்டும் நிற்காது. ஒவ்வொரு தட்டணுவின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ 80,000 இன்டெக்ரின்கள் மடங்கி உறங்குகின்றன. காயம் பட்டதும் அவை நிமிர்ந்து, ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜனைப் பாலமாகக் கொண்டு, அடுத்த தட்டணுவோடு கைகோத்து அடைப்பை உண்டாக்குகின்றன. கிளான்ஸ்மன் நோயாளிகளிடம் இந்த இன்டெக்ரின் இல்லை, அல்லது செயல்படுவதில்லை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் தோன்றும். அதனால் உலகளவில் மிக அரிது. ஆனால் உறவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் சமூகங்களில் அவ்வளவு அரிதன்று. மருத்துவ நூல்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறும் சில மக்கள் குழுக்களில் தென்னிந்தியரும் அடங்குவர். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்ற உறவுமுறைத் திருமணங்கள் நம்மிடையே இன்றும் வழக்கொழியவில்லை. அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியும் சிறுவன், பல் விழுந்த இடத்தில் மணிக்கணக்கில் கசியும் குழந்தை, பூப்பெய்தியபோது உதிரப்போக்கு நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் சிறுமி ஆகியோருக்குத் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற ஒற்றை வரி அறிக்கை போதாது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்க்கும் தனிச் சோதனை உண்டு. பெரிய மருத்துவமனைகளில் அது செய்யப்படுகிறது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால், ஆஸ்பிரின் போன்றவற்றைத் தவிர்ப்பதும், பல் பிடுங்குமுன்னும் அறுவை சிகிச்சைக்கு முன்னும் மகப்பேற்றுக்கு முன்னும் மருத்துவரிடம் சொல்லி முன்னேற்பாடு செய்துகொள்வதும் உயிர் காக்கும். பெரும்பாலோர் நெடுநாள் வாழலாம்.

இயற்கை இதே பூட்டை வேறு வழியிலும் உடைத்திருக்கிறது. சுருட்டை விரியன் நம் வறண்ட நிலங்களில் காணப்படும் சிறிய பாம்பு. இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் நான்கு நச்சுப் பாம்புகளில் ஒன்று. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நஞ்சு முறிமருந்துக்காக நஞ்செடுக்கும் நால்வகைப் பாம்புகளில் அதுவும் உண்டு. அவ்வின விரியனின் நஞ்சில் எக்கிஸ்டாட்டின் எனும், 49 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம் இருக்கிறது. அதன் ஒரு வளைவில் துருத்திக்கொண்டு நிற்பது, ஃபைப்ரோநெக்டினில் கண்ட அதே மூன்றெழுத்துச் சொல். கடிபட்டவரின் தட்டணுக்களில் உள்ள பிடிகளை அது அடைத்துவிடுகிறது, கசிவு நிற்பதில்லை. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி வைரஸும் தன் உறையில் இதே சொல்லை வைத்துக்கொண்டுதான் மாட்டின் செல்லுக்குள் நுழைகிறது. பாம்பும் வைரஸும் தனித்தனியே ஒரே கடவுச்சொல்லில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

கசிவை நிற்கவிடாத பொருள், உறையக் கூடாத இடத்தில் ரத்தம் உறையும்போது மருந்தாகும். மாரடைப்பில் இதயத் தமனிக்குள் தட்டணுக்கள் திரண்டு வழியை அடைக்கின்றன. எக்கிஸ்டாட்டினின் வடிவத்தைப் பார்த்து வேதியியலாளர்கள் உருவாக்கிய டைரோஃபைபன் 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்கக் குட்டை விரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து உருவான எப்டிஃபைபடைடும் அதே ஆண்டில் வந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையின்போது இம்மருந்துகள் நாளங்களில் ஏற்றப்படுகின்றன.

அத்துடன் கதை சீராக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியாகச் செலுத்துவதை மாத்திரையாக்கினால் நாள்தோறும் விழுங்கி மாரடைப்பைத் தடுக்கலாம் என்று பல நிறுவனங்கள் முயன்றன. பல்லாயிரம் நோயாளிகளிடம் சோதித்தபோது, மாத்திரை உண்டவர்களிடையே இறப்பு கூடியது, திட்டங்கள் கைவிடப்பட்டன. இயற்கையின் சாவியைப்போலவே செய்த போலிச் சாவி, இன்டெக்ரினை அடைப்பதோடு நில்லாமல், மடங்கிக் கிடந்ததை நிமிர்த்தியும் விடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். மருந்து குறைந்து விலகும் வேளையில் நிமிர்ந்த பிடிகள் திறந்தே இருக்கும். மூளைப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட சிலெஞ்சிடைடு எனும் இன்டெக்ரின் மருந்தும் 2014-இல் பெரும் சோதனையில் பயனற்றுப் போனது.

வேறொரு பாடத்தையும் இம்மருந்துகள் கற்பித்தன. நாட்டலிசுமாப் எனும் மருந்து, வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழையப் பயன்படுத்தும் இன்டெக்ரினை அடைத்து, நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைக் கட்டுப்படுத்துகிறது. 2004-இல் ஒப்புதல் பெற்ற அது, சில மாதங்களிலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வெள்ளணுக்களின் காவல் இல்லாத மூளையில், பலருடைய உடலில் வழக்கமாக உறங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ் விழித்துக்கொண்டு உயிரைப் பறித்தது. கடும் கண்காணிப்பு விதிகளோடு 2006-இல் மருந்து மீண்டும் வந்தது. நோயாளிகளே அதை வேண்டினர் என்பதையும் குறிப்பிட வேண்டும். குடலுக்குச் செல்லும் வெள்ளணுக்களை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் 2014-இல் வந்தபோது, மூளையின் காவலைத் தொடாமலே குடல் அழற்சியைத் தணிக்க முடிந்தது. எந்தப் பிடியை, எந்த உறுப்பில் தளர்த்துகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

தோல் நோய்களில் இந்தப் பிணைப்பின் அருமையைக் கண்ணாலேயே காணலாம். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற நோய் பெரும்பாலும் வாயில் தொடங்குகிறது. ஆறாத வாய்ப்புண் என்று மாதக்கணக்கில் மருந்து தடவிக்கொண்டிருப்பார்கள். பிறகு உடலில் கொப்புளங்கள் எழும்பி, தொட்டால் தோல் வழன்று போகும். நோயாளியின் உடலே, தோல் செல்களை ஒன்றோடொன்று தைக்கும் டெஸ்மோகிளீன் எனும் கேட்ஹெரின் வகைப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்புரதங்களை உற்பத்தி செய்கிறது. அத்தகைய எதிர்ப்புரதங்கள் இருப்பதை 1964-இல் எர்னஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் கண்டறிந்தனர். ஸ்டீராய்டு வருமுன் இந்நோய் பெரும்பாலோருக்கு மரண ஓலையாகவே இருந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக வந்த ரிட்டுக்ஸிமாப் இப்போது இதற்கு முதன்மை மருந்தாகியிருக்கிறது. அதன் ஒத்த வடிவங்களை இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் இங்கும் எட்டும் தொலைவில் உள்ளது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

அதற்கு ஒரு படி கீழே, மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதங்களும் பழுதுபடலாம். பிறவியிலேயே அந்தக் குறையோடு பிறப்பவர்களைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பர். சட்டை உரசினாலே தோல் உரியும். 2015-இல் ஜெர்மனியின் போகும் நகர மருத்துவமனைக்கு வந்த 7 வயதுச் சிறுவனுக்கு உடலின் பெரும்பகுதியில் மேல்தோல் இல்லை. லேமினின் எனும் நங்கூரப் புரதத்தின் ஒரு சரத்துக்குரிய மரபணுவில் பிழை. மருத்துவர்கள் கைவிடும் நிலையில் இருந்தபோது, இத்தாலியின் மோதெனா நகரில் மிக்கேலே தெ லூக்காவின் குழுவினர், கொப்புளம் வராத ஒரு சிறு தோல் துண்டிலிருந்து செல்களை எடுத்து, வைரஸ் ஒன்றின் துணையால் பழுதற்ற மரபணுவை உள்ளே செலுத்தி, தோல் விரிப்புகளாக வளர்த்துக் கொடுத்தனர். அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளில் உடற்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு புதுத் தோலால் போர்த்தப்பட்டது. அந்தத் தோலில் லேமினின் இருந்தது. மேல்தோல் பிடித்து நின்றது. 2017-இல் இதன் முதல் அறிக்கை வெளியானபோது சிறுவன் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய பரிசோதனை முடிவுகள் 2021-இல் வெளியாயின. புதுத் தோல் போர்த்திய இடங்களில் கொப்புளம் எழவில்லை.